ஆர்எக்ஸ் இன்ஜின் சீல் கம்மி விலைல எங்க கெடைக்கும்? அவசரம்

கோட்டை_மெக்கானிக்:
யாராச்சும் சொல்லுங்கணா, ஆர்எக்ஸ் இன்ஜின் பிரிச்சு போட்டுட்டேன் சீல் எல்லாம் தேஞ்சு போச்சு, சூடானா ஸ்டார்ட்டே ஆவல, சத்துவாச்சாரில ரெண்டு கடை கேட்டேன் இல்லன்னுட்டாங்க, கஸ்டமர் தெனமும் போன் பண்ணிகினே கீறாரு

பாலாறு_பைக்கர்:
யமஹா ஆர்எக்ஸ் 100ஆ 135ஆ? அத சொல்லாம எப்டி தலைவா. மேக்னெட் பக்கம் கிராங்க் சீல் போனா காத்து இழுக்கும், கிளட்ச் பக்கம் போனா கியர் ஆயில குடிச்சிட்டு வெள்ள பொகை விடும். ரெண்டையும் சேத்து மாத்திடு.

டூஸ்ட்ரோக்_தம்பி:
சூட்டுல ஸ்டார்ட் ஆவலன்னா சீலே இல்ல, காயில் தான். எனக்கும் அதான் ஆச்சு.

கோட்டை_மெக்கானிக்:
அய்யோ பைக் இல்லணா கார். மாஸ்டா ஆர்எக்ஸ்-8, ரோட்டரி இன்ஜின், பிஸ்டனுக்கு பதிலா முக்கோண ரோட்டர் சுத்தும். ஓனர் வெளிநாட்டுல இருந்து கொண்டாந்தது. அந்த ரோட்டர் முனைல நிக்கற அபெக்ஸ் சீல் கேக்குறேன்

பாலாறு_பைக்கர்:
மொதல்லயே சொல்லமாட்டியா நைனா 😭

ஸ்பேனர்_சீனியர்:
ரோட்டரிய பிஸ்டன் இன்ஜின் மாதிரி பிரிச்சிட்டு அப்புறம் வந்து அழுவறது. பிரிக்கறதுக்கு முன்ன கம்ப்ரஷன் எவ்ளோ இருந்துச்சு? எந்த கேஜ்? சாதா கேஜ் ரோட்டரோட மூணு முகத்துல ஒசத்தியா இருக்கறத மட்டும் தான் காட்டும். 250 ஆர்பிஎம்ல 6.9 கிலோவுக்கு கீழ இருந்தா தான் பிரிக்கணும். ரோட்டர் சுத்தற ஹவுசிங் உள்ள குரோம் பூச்சு எப்டி கீது? ஒண்ணுமே எழுதாம "எங்க கெடைக்கும்"னா?

லேத்_ராணிப்பேட்டை:
சிப்காட் பக்கம் தெரிஞ்ச பட்டறை இருக்கு, வார்ப்பிரும்புல ஆறு பீஸ் கிரைண்ட் பண்ணி வாங்கலாம். 2 எம்எம் தடிமன் தானே

ஸ்பேனர்_சீனியர்:
"தானே"வா. சீல்ல மேல் விளிம்ப மட்டும் தனியா கெட்டிப்படுத்தி இருப்பான். நீங்க செய்யறது ஹவுசிங்க கோடு போட்டு விட்டுடும், ஹவுசிங் வெலைக்கு சீல் வெலை ஒண்ணுமே இல்ல.

காட்பாடி_கராஜ்:
அவர் சொல்றது சரி தான், சொல்ற விதம் தான் அப்டி. தம்பி முழு கிட் வாங்காத, காசு அங்க தான் போவுது. அபெக்ஸ் 6, கார்னர் 12, சைடு 12. கார்னர் சீலும் ஆயில் ரிங்கும் அளவுக்குள்ள இருந்தா கழுவி திரும்ப போடலாம். அபெக்ஸ், அதோட ஸ்பிரிங், கூலன்ட் சீல், ஆயில் ரிங் உள்ள இருக்கற ஓ-ரிங், இதெல்லாம் புதுசு தான் போடணும். சைடு சீலுக்கும் கார்னர் சீலுக்கும் நடுவுல இடைவெளி 0.05ல இருந்து 0.15 எம்எம், 0.4 தாண்டினா தூக்கிப்போடு, புதுசு நீளமா வந்தா அரத்துல ராவி அதது குழிக்கு செட் பண்ணணும். எது எந்த குழில இருந்துச்சுன்னு மார்க் பண்ணியா? மலிவா கெடைக்குதுன்னு ஆர்எக்ஸ்-7 கிட் வாங்கிடாத, 8ல அபெக்ஸ் உயரமே வேற, எக்ஸாஸ்ட் பக்கவாட்டுல இருக்கறதால கட்-ஆஃப் சீல்னு ஒண்ணு கூட கீது. சேசிஸ் நம்பர வெச்சு பார்ட் நம்பர் எடுத்து துபாய்ல கேளு. கூலன்ட் சீலுக்கு ஓ-ரிங் ரப்பர் கயிறு வாங்கி வெட்டி ஒட்டற வேலை மட்டும் வேணாம், நம்மூரு வெயிலுக்கு தாங்காது. கோக்கும்போது வாசலின் தடவிக்கோ, நழுவாது.

டூஸ்ட்ரோக்_தம்பி:
வால்வு இல்ல, ஆயிலும் பெட்ரோலோட எரியுது. அப்ப டூ ஸ்ட்ரோக்கு, நம்ம ஆளு தான் 😎

லேத்_ராணிப்பேட்டை:
இழுக்கறது அமுக்கறது வெடிக்கறது துப்பறது நாலும் தனித்தனியா நடக்குது, ஃபோர் ஸ்ட்ரோக்.

டூஸ்ட்ரோக்_தம்பி:
ஷாஃப்ட் ஒரு சுத்துக்கு ஒரு ரோட்டருக்கு ஒரு வெடி. யார் கணக்கு அது?

ஸ்பேனர்_சீனியர்:
ரோட்டர் ஒரு சுத்து சுத்தறதுக்குள்ள ஷாஃப்ட் மூணு சுத்தும். அத விட்டுட்டு பேசாதீங்க.

டூஸ்ட்ரோக்_தம்பி:
அதுக்கும் இதுக்கும் இன்னா சம்மந்தம்

காட்பாடி_கராஜ்:
கேட்டவர் எங்க? ஹவுசிங் போட்டோ போடு தம்பி.

கோட்டை_மெக்கானிக்:
சாரிணா கரண்ட் இல்ல. மார்க் பண்ணல, எல்லாம் ஒரே டப்பால போட்டுட்டேன். துபாய்ல மச்சான் கீறாரு, அபெக்ஸும் கூலன்ட் சீலும் அவர் கிட்ட சொல்லிட்டேன். பின்பக்க ஹவுசிங்ல நகம் மாட்டற அளவுக்கு கோடு கீது. ஓனர் கிட்ட இன்னும் சொல்லல