பெடல் ஸ்டீல் பதிவில் ரிவெர்ப் கலங்கி வருகிறது, எங்கே தப்பு?

பத்துத்தந்தி:
வணக்கம். ஈ9 ட்யூனிங்கில் (தந்திகளின் ஒரு சுருதி அமைப்பு) பெடல் ஸ்டீல், அதாவது கால் மிதிகளால் சுருதி மாற்றும் படுக்கை கிட்டார், வாசிக்கிறேன், இரண்டு வருடப் பழக்கம்தான். நாஷ்வில் கன்ட்ரி பாட்டுகளில் பாடகர் குரலுக்குப் பின்னால் மிதந்து வருமே, அந்த ஒலி வேண்டும். வாசிக்கும்போது பரவாயில்லை. பதிவு செய்து கேட்டால் சுருதி மாறும் இடமெல்லாம் குழம்புகிறது, ஸ்டீல் எங்கோ கிணற்றுக்குள் இருக்கிறது. நிறுத்தும் இடத்தில் ரிவெர்ப் (ஒலி நின்ற பிறகும் தொடரும் கார்வை) பாதி அறுந்து பாதி தொங்குகிறது.

இணைப்பு: ஸ்டீலிலிருந்து ரிவெர்ப் பெடல், அடுத்து வால்யூம் பெடல், அப்புறம் ஸ்பிரிங் ரிவெர்ப் உள்ள வால்வு ஆம்ப். முன்னால் ஷூர் எஸ்எம்57 மைக். ரிவெர்ப் பெடலில் ஹால் (பெரிய அரங்கின் கார்வை), நீளம் 4 விநாடி. ஆம்பில் ரிவெர்ப் 4.

ஸ்பிரிங்காரன்:
பாதி அறுவதும் பாதி தொங்குவதும் உண்மைதான் தம்பி, ஏனென்றால் இரண்டு ரிவெர்ப் ஓடுகிறது. வால்யூம் பெடலைத் தளர்த்தினால் அதற்கு முன்னால் இருக்கும் ஹால் கூடவே அடங்கும். ஸ்பிரிங் ஆம்புக்குள்ளே, அதற்குப் பின்னால் இருக்கிறது. அது பாட்டுக்கு ஒலிக்கும்.

கிணற்றுக்கும் அதே காரணம். நாம் மீட்டும்போது வால்யூம் பெடலில் காலைக் குறைத்து வைத்து, ஒலி தேயத் தேய அழுத்தி நீட்டுகிறோம். அதற்குள் தந்தி பாதி ஓய்ந்திருக்கும், ஹால் மட்டும் நிறைந்திருக்கும். நீங்கள் அழுத்தி ஏற்றுவது தந்தியை இல்லை, ரிவெர்ப்பை! இரண்டு பெடலையும் இடம் மாற்றுங்கள்.

4 விநாடியும் அதிகம். ஸ்டீலிலேயே உள்ள சுருதி மாற்றும் ஏ பெடலை மிதித்தால் 5-ஆம் தந்தி பி-யிலிருந்து சி ஷார்ப்புக்கு ஏறுகிறது. பழைய பி ரிவெர்ப்பில் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும்போதே புது சுரம் வந்து உரசுகிறது. சாதாரண கிட்டாரைவிட ஸ்டீலில் இது நன்றாகவே காட்டிக்கொடுக்கும், நம் வாத்தியமே சுருதி வழுக்கும் வாத்தியம். ஒன்றரை விநாடிக்குள் வைத்து, ப்ரீ-டிலே 50 மில்லி விநாடி கொடுங்கள். மீட்டும் ஒலி முதலில் தெளிவாக விழும், ரிவெர்ப் பிறகு வரும்.

பத்துத்தந்தி:
மாற்றிவிட்டேன் அண்ணா. அறுவது நின்றது. ஆனால் இப்போது போர்வை போர்த்தின மாதிரி மந்தமாக இருக்கிறது, அதுவும் காலைக் குறைக்கும்போது. நான் எதையும் கெடுத்துவிட்டேனா?

சோல்டர்மாமா:
கெடுக்கவில்லை. முன்பு ரிவெர்ப் பெடல் முதலில் இருந்து, பஃபர் (பிக்அப்பின் சிக்னலைப் பலவீனமாகாமல் காக்கும் சுற்று) வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்டீல் பிக்அப்பில் கம்பிச்சுற்று மிக அதிகம், 17, 18 கிலோ ஓம் என்பது சர்வசாதாரணம். இப்போது அது நேராக வால்யூம் பெடலின் பொட்டென்ஷியோமீட்டரில் (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் பாகம்) போய் விழுகிறது. அதை இறக்கும்போது அதற்கு அடுத்து வரும் கேபிள் மேல்சுரங்களைத் தின்றுவிடும். ஸ்டீலுக்கும் வால்யூம் பெடலுக்கும் நடுவில் ஒரு பஃபர் போடுங்கள், வால்யூம் பெடலை அடுத்து வரும் கேபிளையும் குட்டையாக வையுங்கள். மைக்கைக் கோனின் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்த்திப் பார்க்கிறேன் என்று கிளம்பாதீர்கள், அது இன்னும் மந்தமாக்கும்.

நேர்ப்பதிவு:
இவ்வளவு வம்பு எதற்கு? ரிவெர்ப் இல்லாமல் பதிவு செய்துவிட்டு மிக்ஸில் போடுங்கள். ஒட்டிப் பதிந்த ரிவெர்ப்பைச் சுத்தமாகப் பிரிப்பது கஷ்டம்.

ஸ்பிரிங்காரன்:
பதிவுக்குச் சரி, வாசிப்புக்கு இல்லை. காதில் ரிவெர்ப் இல்லாவிட்டால் வலது கை பயந்துபோய்த் தந்தியைத் தொட்டு ஒலியை அடக்குவதையே தள்ளிப்போடும், இடது கை பாரை (தந்திமேல் நகர்த்தும் உலோகத் தண்டு) அவசரமாக இழுக்கும். ஹெட்ஃபோனில் மட்டும் ரிவெர்ப் விட்டுக்கொள்ளுங்கள், பதிவில் சேராமல்.

பத்துத்தந்தி:
பஃபர் போட்டதும் பளிச்சென்று வந்தது, நன்றி மாமா. ரிவெர்ப் பெடலையும் கழற்றிவிட்டேன், ஹாலை ஹெட்ஃபோனில்தான் கேட்கிறேன். இன்னும் ஒரே ஒரு தொல்லை. ஏ, பி இரண்டையும் சேர்த்து மிதிக்கும்போது தூரத்தில் கதவு சாத்துகிற மாதிரி ஒரு சத்தம் பதிவாகிறது.

சோல்டர்மாமா:
ஆம்ப் எங்கே இருக்கிறது?

பத்துத்தந்தி:
எனக்குப் பின்னால், அதே மரத்தளத்தில்.

சோல்டர்மாமா:
ஆம்பில் ரிவெர்ப்பை 0-வில் வைத்து மிதியுங்கள்.

பத்துத்தந்தி:
சத்தமே இல்லை!

சோல்டர்மாமா:
உங்கள் கால் மிதி தளம் வழியாகப் போய் ஸ்பிரிங்கை ஆட்டுகிறது. ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் மாதிரி ஆம்ப்களில் ஸ்பிரிங் இருக்கும் தகரப் பெட்டி கேபினெட்டின் அடியில்தான் கிடக்கும், தள அதிர்ச்சி நேராக ஏறும். ஆம்பைத் தளத்திலிருந்து பிரித்துவிடுங்கள்.

பத்துத்தந்தி:
ஆம்ப் இப்போது நடைவழியில், தடித்த நுரைப் பலகை மேல் நிற்கிறது. ஸ்பிரிங் 2-க்குக் கொஞ்சம் மேல், ஹாலை மிக்ஸில் போடுவேன். கதவுச் சத்தம் போய்விட்டது. நிஜக் கதவைத்தான் இனி சாத்த முடியாது, கேபிள் குறுக்கே ஓடுகிறது.