வீட்டு ஹூட் ட்ரையரில் ‘ஹை’ எதற்கு?

சுருட்டைத்தலை:
தலைக்கு மேல் கவிழ்த்துக்கொண்டு முடி உலர்த்தும் வீட்டு உபயோக ஹூட் ட்ரையர்களில் பெரும்பாலும் கூல், லோ, மீடியம், ஹை என்று சூட்டு நிலைகள் இருக்கின்றன. என் கட்சி இதுதான்: ஹை என்பது பார்லருக்கானது. அங்கே அடுத்த ஆள் காத்திருப்பார், நாற்காலி காலியாக வேண்டும். வீட்டில் நம்மை யார் துரத்துகிறார்கள்? லோவில் போட்டுவிட்டு நிதானமாக உட்கார்ந்தால் போதும். ஹையில் வைத்தால் நெற்றியோரமும் காதும் சுடுகிறது, முடி வைக்கோல் மாதிரி ஆகிறது. ஹை வேண்டும் என்பவர்கள் காரணம் சொல்லுங்கள், கேட்கிறேன்.

ரோலர்ராணி:
தோள்வரை மெல்லிய முடி இருப்பவர் பேசுகிற பேச்சு இது! அடர்த்தியான நீள முடியைப் பெரிய ரோலரில் சுற்றி லோவில் உட்கார்ந்து பாருங்கள். மேல்சுற்று காய்ந்திருக்கும், அடிச்சுற்று சொதசொதவென்று இருக்கும். அவிழ்த்த கொஞ்ச நேரத்தில் சுருள் தொங்கிவிடும். தண்ணீர் பட்டால் முடியின் வடிவத்தைப் பிடித்து வைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் உள்ளே விடுபடும். காயும்போதுதான் ரோலரின் வடிவத்தில் மறுபடி சேரும். அரைகுறையாகக் காய்ந்தால் அரைகுறையாகத்தான் பிடிக்கும். நான் முதலில் ஹை, பாதி காய்ந்ததும் மீடியம், கடைசியில் கூல்.

இன்னொன்று. நெடுநேரம் ஈரத்தில் கிடப்பதும் முடிக்கு நல்லதில்லை. 2011இல் கொரியாவில் வந்த ஆய்வில், தானாகக் காயவிட்ட முடியில்தான் உள்ளே இருக்கும் செல் சவ்வுப் பகுதி பாதிக்கப்பட்டிருந்தது. ட்ரையரில் உலர்த்தியதில் அது இல்லை.

சுருட்டைத்தலை:
பாதியை மட்டும் சொன்னால் எப்படி? அதே ஆய்வில் சூடு ஏற ஏற முடியின் மேற்பரப்பு அதிகம் சிதைந்தது. 5 செ.மீ. தூரத்தில் 95 டிகிரி பட்டதுதான் இருப்பதிலேயே மோசம். அவர்கள் பரிந்துரைத்தது 15 செ.மீ. தூரம், அங்கே 47 டிகிரி. அதுவும் கை ட்ரையரை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஹூடுக்குள் தலை அசைவதில்லை. நீங்கள் கூட்டிவந்த சாட்சி எனக்குச் சாதகமாகத்தான் பேசுகிறார்.

வெப்பமானி:
இரண்டு பேரும் பொத்தானின் பெயரை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறீர்கள். ஹை என்றால் எத்தனை டிகிரி? பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பது வாட். அதை மட்டும் வைத்துச் சூட்டைச் சொல்ல முடியாது; எவ்வளவு காற்று ஓடுகிறது என்றும் தெரிய வேண்டும்.

கணக்கு சுலபம். 1000 வாட் சூடேற்றும் கம்பிச்சுருள் வழியாக நொடிக்கு 20 லிட்டர் காற்று போனால், அந்தக் காற்று அறையின் சூட்டைவிட 40 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே ஏறும். அறை 28 என்றால் வெளியே வருவது 70க்குப் பக்கம். அதே வாட்டில் காற்று பாதியாகக் குறைந்தால் ஏற்றம் இரட்டிப்பாகும். பின்பக்க வலையில் தூசியும் முடியும் அடைத்துக்கொண்டால் நடப்பது இதுதான்: சூடு ஏறும், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் மின்சாரத்தை வெட்டும், ஆறும், மறுபடி ஏறும். ‘என் மெஷினில் லோவே சுடுகிறது’ என்பவர்கள் முதலில் அந்த வலையைச் சுத்தம் செய்யுங்கள். குழாய் வழியாகச் சூடான காற்று வரும் துணித் தொப்பியில் (போனட்) குழாய் மடங்கினாலும் இதே கதைதான்.

அடுத்து, ரோலர்ராணி சொல்லும் வரிசை. முடி நன்றாக ஈரமாக இருக்கும்போது வருகிற வெப்பத்தில் பெரும்பகுதி தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிறது. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக 2400 ஜூல் அளவுக்கு வேண்டும். அதனால் காற்று 70 டிகிரியில் வந்தாலும் ஈர முடி அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில்கூடப் போகாது. ஈரம் தீர்ந்த பிறகுதான் முடி காற்றின் சூட்டுக்கு ஏறும். ஹையால் கெடுதல் வருவது கடைசிக் கட்டத்தில். முதல் கட்டத்தில் அது நேரத்தைத்தான் மிச்சப்படுத்துகிறது.

கவலைக்காரன்:
ஹையில் முடிக்குள் தண்ணீர் கொதித்துக் குமிழி வரும் என்கிறார்களே?

வெப்பமானி:
வரும், ஆனால் இந்தச் சூட்டில் வராது. பழுதாகி அளவுமீறிச் சூடான ஒரு கை ட்ரையரால் அப்படி ஆனதாக 1994இல் மருத்துவ இதழில் பதிவானது. 175 டிகிரியும் அதற்கு மேலும்தான் அதைத் திரும்ப வரவழைக்க முடிந்தது. தெர்மோஸ்டாட் ஒழுங்காக வேலை செய்யும் ஹூடில் அந்தப் பேச்சே இல்லை. கருகல் வாசனை வந்தால் மட்டும் உடனே அணைத்து பிளக்கைப் பிடுங்குங்கள்.

சுருட்டைத்தலை:
ஆவியாதல் கணக்கு சரி சார். ஆனால் தலை முழுக்க ஒரே நேரத்தில் காய்கிறதா? நெற்றியோரத்து முடி மெல்லியது, சீக்கிரமே காய்ந்துவிடும். உச்சி ரோலரில் இன்னும் தண்ணீர் இருக்கும். உச்சிக்காக நீங்கள் ஹையில் வைத்திருக்கும் நேரம் முழுக்க, காய்ந்துபோன நெற்றியோரம் அந்த 70ஐ வாங்கிக்கொண்டிருக்கிறது. காது மடலுக்கு எந்த ஈரமும் காவல் இல்லை. 60 டிகிரி பொருள் தோலில் பட்டால் சில நொடியில் புண்ணாகும்.

வெப்பமானி:
அந்த 60 வெந்நீருக்கும் உலோகத்துக்கும். காற்று அவ்வளவு வேகமாகச் சூட்டைக் கடத்தாது. 80 டிகிரி சானா அறையில் மனிதர்கள் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள். ஆனால் நெற்றியோரம் பற்றி நீங்கள் சொல்வது நியாயம். தோடு, ஹேர்பின், உலோக கிளிப் எல்லாம் ஹூடுக்குள் சூடேறி நேராகத் தோலில் ஒட்டியிருக்கும். அவற்றைக் கழற்றாமல் எந்த நிலையில் உட்கார்ந்தாலும் வம்புதான்.

ரோலர்ராணி:
அதற்குத்தான் காதுக்கு மூடி, நெற்றியோரம் பஞ்சுப் பட்டை, பிளாஸ்டிக் கிளிப். பார்லரில் போடுவார்கள், வீட்டில் சோம்பல். இன்னும் ஒன்று: நெற்றியோரத்தில் பெரிய ரோலரில் கொஞ்சமாகவும் உச்சியில் நிறையவும் முடியைச் சுற்றினால் ஒன்று காய்ந்து ஒன்று காயாமல்தான் இருக்கும். அளவாகப் பிரித்துச் சுற்றாமல் ஹையைத் திட்டாதீர்கள்.

ஈரக்காற்று:
நடுவில் நுழைகிறேன். நான் ஹூட் வாங்கியதே ஹேர் மாஸ்க் போட. மாஸ்க் தடவி பிளாஸ்டிக் தொப்பி மாட்டி உட்காரும்போது மேலே சொன்ன கணக்கு தலைகீழாகிவிடும். தொப்பிக்குள் ஆவியாதல் கிட்டத்தட்ட இல்லை, அதனால் சூட்டைத் தடுக்க எதுவும் இல்லை. இங்கே ஹைக்கு வேலையே கிடையாது. லோவில் 15, 20 நிமிடம் தாராளம். ‘சூடு க்யூட்டிகிளை (முடியின் மேல் செதில் அடுக்கை) திறக்கும், அதனால் ஹை’ என்று வீடியோக்களில் சொல்வதை நம்பி வைக்காதீர்கள். செதில்களை முக்கியமாக வீங்க வைப்பது தண்ணீரும் காரத்தன்மையும். ஹையில் நடந்தது ஒன்றுதான், மெல்லிய தொப்பி இளகி நெற்றியில் ஒட்டிக்கொண்டது.

கவலைக்காரன்:
கூல் எதற்கு? அதற்கு ஃபேன் கீழேயே உட்காரலாமே.

ரோலர்ராணி:
சூடாக இருக்கும்போது முடி வளைந்துகொடுக்கும். அந்த நேரத்தில் ரோலரை உருவினால் சுருள் நீண்டுவிடும். ஆறிய பிறகு அவிழ்க்க வேண்டும், அவ்வளவுதான். ஃபேன் கீழே உட்கார்ந்தாலும் சரி.

சுருட்டைத்தலை:
முதல் கொஞ்ச நேரம் ஹை, பிறகு இறக்கு என்பதைக் காகிதத்தில் ஒப்புக்கொள்கிறேன். நடைமுறையில் யார் இறக்குகிறார்கள்? ஹூடுக்குள் இரைச்சல், கையில் போன், பாதிப் பேர் தூங்கியே விடுகிறார்கள். ட்ரையர் கடைசிவரை ஹையில்தான் ஓடும். வீட்டுக்கு வருகிற மெஷினில் ஹை தானாக இறங்க வேண்டும், இல்லையென்றால் இருக்கவே வேண்டாம். சூடு சட்டென்று உறைக்காத முதியவர்களும் நீண்டநாள் சர்க்கரை நோயாளிகளும் இதே மெஷினில்தான் உட்காருகிறார்கள்.

ரோலர்ராணி:
அவர்களுக்கு லோ, மறுபேச்சில்லை. மற்றவர்கள் கையில் இருக்கும் போனிலேயே அலாரம் இருக்கிறதே! நீங்கள் தூங்குவீர்கள் என்பதற்காக என் பொத்தானைப் பிடுங்க வேண்டுமா?

வெப்பமானி:
நீளக்கம்பி சென்சார் உள்ள தெர்மாமீட்டர் ஒன்றை ஹூடுக்குள் நெற்றி உயரத்தில் தொங்கவிட்டு, ஒவ்வொரு நிலையிலும் அளந்து இங்கே போடுங்கள். மாடல் பெயரோடு, அறையின் வெப்பத்தோடு. மிச்சச் சண்டையை அந்த எண்கள் வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.