மார்ச்சில் நகோயா திரும்பும் ஜப்பானியத் தோழி வேதாகமம் கேட்கிறார். என்ன செய்யட்டும்?

கிளமெண்டி ஜெயா:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். பாளையங்கோட்டைக்காரி நான், 6 வருஷமாகச் சிங்கப்பூரில் இருக்கிறேன். எதிர்வீட்டில் ஒரு ஜப்பானியக் குடும்பம். கணவருக்குக் கம்பெனி போட்ட மாற்றல். மனைவிக்கு இங்கே வேலை கிடையாது. பையன் கிளமெண்டியில் உள்ள ஜப்பானியத் தொடக்கப்பள்ளியில் நாலாம் வகுப்பு. நீச்சல்குளத்தில் பிள்ளைகள் பழகி, அப்படியே நாங்களும் பழகினோம். சொதி வைத்தால் ஒரு கிண்ணம் அங்கே போகும். அந்தக் கிண்ணம் ஒருநாளும் வெறுமையாகத் திரும்பியதில்லை.

கிறிஸ்மஸுக்கு எங்கள் தமிழ்ச் சபையின் கேரல் ஆராதனைக்குக் கூப்பிட்டேன், வந்தார். ஒரு வார்த்தை புரிந்திருக்காது. ஆனாலும் நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போன வாரம் லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது, "ஜெயா-சான், வேதாகமம் படிக்க வேண்டும், எங்கே வாங்கலாம்?" என்று கேட்டார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

மார்ச் கடைசியில் அவர்கள் நகோயா திரும்புகிறார்கள். பத்து வாரம் கூட இல்லை. போவதற்குள் பாவ அறிக்கை ஜெபம் சொல்ல வைத்து, ஞானஸ்நானமும் கொடுத்துவிடலாம் என்கிறார் எங்கள் சபைத் தம்பி ஒருவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் இந்த வாய்ப்பை விட்டுவிட்டு அப்புறம் வருத்தப்படுவேனோ என்றும் பயம். ஜப்பானியரிடையே ஊழிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

யோக்கஹாமா 9 வருஷம்:

சகோதரி, உங்கள் மனசு சொல்வதைக் கேளுங்கள்.

யோக்கஹாமாவில் நான் போன சபையில் ஞாயிறுக்கு 22 பேர் வருவோம், பாதிப்பேர் 70 தாண்டியவர்கள். கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் எல்லோரையும் சேர்த்தாலும் அந்த நாட்டில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவுதான். வெளிநாட்டில் ஞானஸ்நானம் எடுத்துத் திரும்பிய மூன்று பேர் எங்களிடம் வந்தார்கள். என் காலத்திலேயே இரண்டு பேர் நின்றுபோனார்கள். அதில் ஒரு அம்மாவிடம் ஏன் என்று கேட்டேன். அமெரிக்காவில் அவருக்குச் சபை என்றால் தன் வயதுப் பெண்கள், வீட்டுக்கூட்டம், சேர்ந்து சமையல். யோக்கஹாமாவில் அது எதுவும் இல்லை. அவர் சொன்ன இன்னொரு காரணம்தான் என்னை உலுக்கியது. ஜெபிக்கக் கற்றதே ஆங்கிலத்தில். ஜப்பானிய மொழியில் ஜெபிக்க வாய் வரவில்லை என்றார். ஊர் திரும்பி ஆங்கிலம் பேசுவது நின்றதும் ஜெபமும் நின்றுவிட்டது.

அதனால் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்தப் பத்து வாரத்தில் உங்கள் தோழி வேதத்தைத் தன் மொழியில், தன் ஊர்க்காரர் ஒருவரோடு உட்கார்ந்து வாசிக்க வழி செய்யுங்கள். சிங்கப்பூரிலேயே ஜப்பானிய மொழியில் ஆராதனை நடக்கிறது. கூட்டிக்கொண்டு போங்கள், நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். உங்களுக்கு ஒன்றும் புரியாது. கேரல் அன்றைக்கு அவர் உங்களுக்காக அப்படித்தானே உட்கார்ந்திருந்தார்?

வேதாகமம் ஜப்பானிய மொழியிலேயே வாங்குங்கள். ஷின்காய்யாகு என்ற மொழிபெயர்ப்பின் 2017-ல் வந்த திருத்தப் பதிப்பைப் பல புராட்டஸ்டண்ட் சபைகளில் வாசிக்கிறார்கள். கான்ஜி என்ற கடினமான எழுத்துகளுக்குப் பக்கத்தில், உச்சரிப்பைக் காட்டும் ஃபுரிகானா என்ற சின்ன எழுத்து போட்டதாகப் பார்த்து வாங்கினால் பையனும் வாசிப்பான். அலங்காரப் பெட்டி, பெரிய பரிசு எதுவும் வேண்டாம். வாங்கியதற்கு ஈடு செய்யாமல் அவர்களால் இருக்க முடியாது, அது பாரமாகிவிடும். உங்களுக்குத்தான் அந்தக் கிண்ணம் தெரியுமே.

பாவத்தில் ஆரம்பிக்காதீர்கள். அதற்கு அவர்கள் சொல்லும் 'ட்ஸுமி' என்ற சொல் குற்றத்துக்கும் அதேதான். "நான் யாருக்கு என்ன குற்றம் செய்தேன்?" என்று உள்ளுக்குள் திகைப்பார், வெளியே தலையாட்டுவார். 'ஹை' (ஆம்) என்றால் பல நேரம் "கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்பதுதான். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஞானஸ்நானத் தொட்டி வரைக்கும் இழுத்துப்போன கதைகள் உண்டு.

ஊரில் அவருக்குக் காத்திருப்பதும் லேசானதில்லை. மாமியார் வீட்டில் புத்ஸுடான் என்று முன்னோருக்கான மாடம் இருக்கும். ஆகஸ்டில் முன்னோருக்கான ஓபோன் பண்டிகை வரும், குடும்பக் கல்லறைக்குப் போக வேண்டும், சாவு வீட்டில் ஊதுபத்தி வைக்க வேண்டும். மூத்த மகனின் மனைவி என்றால் பொறுப்பு இன்னும் கூடும். திவசத்தன்று மாமியார் வீட்டில் நிற்கும் புதுக் கிறிஸ்தவ மருமகளை நம் பக்கத்தில் பார்த்திருக்கிறோம் அல்லவா, அதே தவிப்பு. இதற்கெல்லாம் நாம் இங்கிருந்து தீர்ப்புச் சொல்லி அனுப்பக் கூடாது. அங்கே இதைக் கடந்து வந்த ஒரு அக்காவை அவருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

சபையின் முகவரியை மட்டும் எழுதிக் கொடுத்தால் போகமாட்டார். ஒரு ஆளை அறிமுகப்படுத்துங்கள். கிளம்புமுன்பே லைன் (LINE) செயலியில் இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேசட்டும்.

எதிர்வீட்டுக்காரர்:

எதிர்வீட்டுக்காரர் என்பது இங்கே நான் வைத்துக்கொண்ட பெயர்தான். நான் கிறிஸ்தவன் இல்லை, சைவக் குடும்பம். ஒரு அனுபவத்தைச் சொல்ல அனுமதியுங்கள். சிறுவயதில் எங்கள் தெருவில் ஒருவர் இலவசமாக டியூஷன் எடுத்தார். நாங்கள் மதம் மாறப்போவதில்லை என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டார். அவர் சொல்லிக்கொடுத்த கணக்கு இன்னும் நினைவிருக்கிறது, அந்த வலியும் இருக்கிறது. உங்கள் தோழி வேண்டாம் என்று சொன்னாலும் சொதி போகும் என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

ஜப்பானியர் மதம் என்றாலே ஒதுங்குவதற்குக் காரணமும் இருக்கிறது. 1995 மார்ச்சில் ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக் கும்பல் தோக்கியோ சுரங்க ரயிலில் சரின் வாயு விட்டதை அந்தத் தலைமுறை மறக்கவில்லை. 2022 ஜூலையில் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேயைச் சுட்டவர், ஒரு மத அமைப்புக்குத் தன் தாய் சொத்தையெல்லாம் கொடுத்த கோபத்தில் செய்ததாகச் சொன்னார். நீங்கள் எதையும் மறைக்காமல், அவர் கணவருக்கும் தெரிந்தே செய்வது நல்லது.

மணப்பாட்டான்:

ஜெயா அக்கா, ஜப்பானில் சுவிசேஷம் தொடங்கியதே ஊரைவிட்டு வெளியே வந்த ஒரு ஜப்பானியரிடமிருந்துதான். எங்கள் கடற்கரையில் ஊழியம் செய்த புனித சவேரியார் 1547 டிசம்பரில் மலாக்காவில் அஞ்சிரோ என்பவரைச் சந்தித்தார். ஊரில் கொலைப்பழிக்குத் தப்பி ஓடிவந்தவர் அவர். 1548-ல் கோவாவில் ஞானஸ்நானம். 1549 ஆகஸ்ட் 15-ல் இருவரும் ககோஷிமாவில் இறங்கினார்கள்.

மொழி விஷயத்தில் யோக்கஹாமா அண்ணன் சொன்னது அன்றைக்கே நடந்திருக்கிறது. கடவுளுக்கு 'தைனிச்சி' என்ற சொல்லைச் சவேரியார் பயன்படுத்தினார். அது ஒரு புத்தரின் பெயர் என்று பிறகுதான் தெரிந்தது. உடனே அதை விட்டு 'தேயூஸ்' என்று லத்தீன் சொல்லையே வைத்துக்கொண்டார். நம் வேதாகமத்தில் பராபரன் போய்த் தேவன் வந்ததற்குள் எத்தனை விவாதம்!

ஹவ்காங் தாத்தா:

அம்மா ஜெயா, நகோயா என்கிறாய், அது ஐச்சி மாநிலம். ஒரு ஞாயிறு சாயங்காலம் உன் தோழியை ஹவ்காங்கில் உள்ள ஜப்பானியக் கல்லறைப் பூங்காவுக்குக் கூட்டிப்போ. அங்கே ஒட்டோகிச்சிக்கு நினைவிடம் இருக்கிறது. ஐச்சியின் மிஹாமா கடலோரம், ஓனோவுரா கிராமத்துப் பையன். 1832-ல் கப்பல் புயலில் சிக்கி, ஒரு வருஷத்துக்கு மேல் பசிபிக்கில் மிதந்து, 14 பேரில் மூன்றே பேர் உயிரோடு அமெரிக்கக் கரையில் ஒதுங்கினார்கள். லண்டன் வழியாக மக்காவ் வந்து சேர்ந்ததும் மிஷனரி குட்ஸ்லாஃபுக்கு யோவான் சுவிசேஷத்தை ஜப்பானிய மொழியில் கொண்டுவர உதவினார்கள். அது 1837-ல் அச்சானது இதே சிங்கப்பூரில். 'ஆதியிலே வார்த்தை' என்ற இடத்தில் வார்த்தைக்கு அவர்கள் போட்டது 'கஷிகோய்மோனோ', அதாவது ஞானமுள்ளவர். மாலுமிகள் பேசிய பேச்சு அது.

அதே வருஷம் அவர்களை ஊருக்குக் கொண்டுவிடப் போன கப்பலை ஜப்பான் பீரங்கியால் சுட்டு விரட்டியது. ஒட்டோகிச்சி 1867-ல் இந்த ஊரிலேயே கண்ணை மூடினார்.

கிளமெண்டி ஜெயா (ஆறு வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. முதலில் எதிர்வீட்டுக்காரர் ஐயாவுக்கு. உங்கள் பதிலை வாசித்த அன்றே தோழியிடம் போய், "நான் இயேசுவை நம்புகிறவள், நீங்களும் அவரை அறிய வேண்டும் என்று ஜெபிக்கிறேன், நம்பாவிட்டாலும் நாம் இப்படியேதான் இருப்போம்" என்று சொன்னேன். "தெரியும்" என்று சிரித்தார். கணவரிடம் முதல் நாளே சொல்லிவிட்டாராம்.

ஜப்பானிய ஆராதனைக்கு நாலு வாரம் போனோம். அங்கே ஒரு அக்காவோடு யோவானை வாசிக்கிறார், இப்போது மூன்றாம் அதிகாரம். நிறையக் கேள்வி கேட்கிறார். சிலவற்றுக்கு அந்த அக்காவும் யோசித்துத்தான் பதில் சொல்கிறார். ஞானஸ்நானப் பேச்சை நாங்கள் யாரும் எடுக்கவில்லை. நகோயாவில் அந்த அக்காவின் தோழி ஒருவர் இருக்கிறார். லைனில் இரண்டு முறை பேசிவிட்டார்கள்.

தாத்தா, ஹவ்காங்கும் போய் வந்தோம். ஓனோவுரா என்றதும் அப்படியே நின்றுவிட்டார். சின்ன வயதில் கோடை விடுமுறைக்குக் கடலில் குளிக்கப் போன இடமாம். 'கஷிகோய்மோனோ' என்று இரண்டு மூன்று முறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

28-ஆம் தேதி விமானம். சொதி வைக்கக் கற்றுக்கொண்டுவிட்டார். நல்ல தேங்காய்ப்பால் அங்கே எந்த மாதிரிக் கடையில் கிடைக்கும், யோக்கஹாமா அண்ணே?