பிளாஸ்டிஸ்பியர்: நெகிழிக்கோளமா, நெகிழித்திணையா?

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

கடல் சூழலியல் பாடத்தின் மொழிபெயர்ப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டியிருப்பதால், பிளாஸ்டிஸ்பியர் (கடலில் மிதக்கும் நெகிழி, அதாவது பிளாஸ்டிக், துணுக்குகளின்மேல் வாழும் நுண்ணுயிர்ச் சமூகம்) என்பதற்குத் தமிழ்ச்சொல்லாக இதுவரை வந்த பரிந்துரைகளைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உயிர்க்கோளம், நீர்க்கோளம் என்ற வரிசையில் ‘நெகிழிக்கோளம்’ பொருந்துகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் பொற்குடத்தைப் பொன்னாலாகிய குடம் என்று விரித்துப் பழகிய மாணவர், இதையும் மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகையாகக் கொண்டு, நெகிழியாலாகிய கோளம் என்றே விரிப்பார். கிடைப்பது ஒரு பிளாஸ்டிக் உருண்டை. அதன்மேல் வாழும் உயிர்களுக்குச் சொல்லில் இடமே இல்லை.

அந்த உயிர்களே இங்கு முதன்மையானவை. எரிக் செட்லர், டிரேசி மின்சர், லிண்டா அமரல்-செட்லர் ஆகியோர் 2013இல் இப்பெயரைச் சூட்டிய ஆய்வுக்காக, வட அட்லாண்டிக்கில் வலையிட்டு அரித்தெடுத்த சிறு துணுக்குகளை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஒளிச்சேர்க்கை செய்யும் டயாட்டம் என்னும் நுண்பாசிகளும், இரை தேடும் சிலியேட்டு என்னும் ஒருசெல் உயிரிகளும், பாக்டீரியாக்களும் ஒரே பரப்பில் நெருங்கிக் குடியிருந்தன. சில உயிரணுக்கள் அளவெடுத்துக் குடைந்தவை போன்ற குழிகளில் பதிந்திருந்தன. ஒரு துணுக்கில் விப்ரியோ என்னும் பாக்டீரியாப் பேரினம் மேலோங்கியிருந்தது. சுற்றியுள்ள நீரின் நுண்ணுயிர்த் தொகுதியோ இதிலிருந்து வேறுபட்டிருந்தது. மற்றொரு பரிந்துரையான ‘நெகிழிப்பாசி’ எளிய சொல்தான், எனினும் பாக்டீரியாவைப் பாசி என்று கற்பிப்பது பிழை.

ஆகவே நம் குழுவின் புலவர் ஐயா முன்வைத்த ‘நெகிழித்திணை’யையே நான் ஆதரிக்கிறேன். முதற்பொருளாகிய நிலத்தையும் அதைச் சார்ந்து வாழும் கருப்பொருள்களையும் ஒருங்கே நினைவூட்டும் சொல் நம்மிடம் திணை ஒன்றே. திணை நிலைபெற்ற நிலத்துக்குரியது, இதுவோ மிதந்து திரிவது என்று குழுவின் அம்மையார் எழுப்பிய தடையை நான் பெரிதாகக் கொள்ளவில்லை. பரப்பு எங்கு மிதந்தாலும் தன் குடிகளோடே மிதக்கிறது. மாணவர் உயர்திணை, அஃறிணையோடு குழப்பிக்கொள்வர் என்ற அவரது அச்சம் மட்டும் நியாயமானது, அதற்கு என்னிடம் முழுமையான விடை இல்லை.

சங்க நூல்களில் ஞெகிழி கொள்ளிக்கட்டையைக் குறிக்கும் என்று ஐயா நிறுவிய மடல் படித்து மகிழத் தக்கது. ஆயினும் நெகிழ் என்னும் வினையடியிலிருந்து ஆக்கப்பெற்ற நெகிழி பாடநூல்களில் வேரூன்றிவிட்டது. அதை இப்போது அசைக்க வேண்டா. பிளாஸ்டிக் என்றே எழுதலாம் என்போருக்கும் இதுவே என் மறுமொழி.

பெரும்பான்மையினர் கோளத்தின் பக்கமே நிற்பதால் தலைப்பில் அதையே இடுகிறேன். எனினும் முதல் பத்தியில் ‘நெகிழிப் பரப்பில் வாழும் உயிர்ச்சமூகம்’ என்ற விளக்கத்தையும், கலைச்சொல் பட்டியலில் நெகிழித்திணை என்ற மாற்றுச்சொல்லையும் சேர்க்க இசைவு வேண்டுகிறேன். மறுப்புள்ளோர் வியாழன் மாலைக்குள் எழுதுக.