மறுமொழி: ‘மகரந்தச் சேர்க்கையாளர் வீழ்ச்சி’ – ஒரு சொல் போதுமா?

அன்பின் குழுமத்தாருக்கு,

நம் கலைச்சொல் பட்டியலில் pollinator decline என்பதற்கு, அதாவது மகரந்தத்தைப் பூவுக்குப் பூ கொண்டுசேர்க்கும் தேனீ போன்ற உயிரிகள் குறைந்துவருவதற்கு, என்ன பெயர் வைப்பது என்ற இழைக்கு என் மறுமொழி இது.

> ‘மகரந்தச் சேர்க்கையாளர் வீழ்ச்சி’ என்றே வைத்துவிடலாமே. புழக்கத்தில் இருக்கிறது.

இருக்கிறதுதான். ஆனால் ‘ஆளர்’ என்பது தொழிலாளர், பேச்சாளர் என்று ஆட்களுக்கு ஒட்டுகிற விகுதி. தேனீக்கு மரியாதை கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இரவில் இலுப்பைப் பூவுக்கு வரும் வௌவாலையும் ‘சேர்க்கையாளர்’ என்றால் வகுப்பில் பிள்ளைகள் சிரிப்பார்கள். இலங்கையில் நுளம்பை (கொசுவை) நோய்க்காவி என்கிறோம். காவுதல் என்றால் சுமந்து செல்லுதல்; இங்கே திருகோணமலைச் சந்தையில் தினமும் கேட்கிற சொல். அதே வழியில் ‘மகரந்தக்காவி’ என்கிறேன். காவி என்றால் நிறம்தான் (அப்புறம் அரசியல்) ஞாபகம் வரும் என்கிறார் சென்னை நண்பர். முன்னால் மகரந்தம் நிற்கும்போது அந்தக் குழப்பம் வராது. காற்றும் மகரந்தம் காவுமே என்ற கேள்விதான் வலுவானது. பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘காவி உயிரி’ என்று நீட்டிக்கொள்ளலாம்.

‘வீழ்ச்சி’தான் எனக்குப் பெரிய சிக்கல். பூச்சி குறைவது ஒன்று. தோட்டத்தில் காய் குறைவது இன்னொன்று. இரண்டும் எப்போதும் சேர்ந்து வருவதில்லை. நெல் தன் மகரந்தத்தாலேயே மணி பிடிக்கும் பயிர். தேனீ இல்லாவிட்டாலும் தம்பலகாமத்து வயல் விளையும். நிலாவெளிப் பக்கத்துப் பூசணிக் கொடி அப்படியில்லை. ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. விடியலில் விரிந்து மதியத்துக்குள் சுருங்கிவிடும். அதற்குள் போதிய மகரந்தம் வந்து சேராவிட்டால் பூவின் அடியிலுள்ள பிஞ்சு மஞ்சளாகி விழும். வத்தகப்பழம் (தர்பூசணி) என்றால் ஒரு பக்கம் சூம்பிக் கோணலாகும். கத்தரியில் மகரந்தம் நுனித் துளை வழியாகத்தான் வெளியே வரும். கருவண்டு என்று நாம் சொல்லும் தச்சுத் தேனீ பூவைப் பிடித்து அதிரவைத்து அதை உதிர்க்கும்; சாதாரணத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது.

பல்லுயிரியம் பற்றி அரசுகளுக்கு அறிவியல் மதிப்பீடு தரும் ஐபிபிஇஎஸ் (IPBES) என்ற பன்னாட்டு அமைப்பின் 2016 அறிக்கையிலும் இந்த வேறுபாடு தெரிகிறது. உலகின் முக்கிய உணவுப் பயிர் வகைகளில் 75 சதவீதத்துக்கு மேல் விலங்குகளின் மகரந்தச் சேர்க்கையை ஓரளவாவது நம்பியிருக்கின்றன. விளைச்சலின் அளவில் பார்த்தால் அந்தப் பயிர்களின் பங்கு 35 சதவீதம்தான். தட்டில் சோறு இருக்கும், கறிதான் சுருங்கும். காய்கறி விலை ஏறினால் முதலில் கைவிடுவது வருமானம் குறைந்த வீடுகள்.

> விவசாயிகள் சொல்வதையே எடுத்தால் என்ன? ‘பிஞ்சு கொட்டுது’?

நல்ல பேச்சு, ஆனால் கலைச்சொல்லாகாது. தண்ணீர் குறைந்தாலும் வெயில் ஏறினாலும் பிஞ்சு கொட்டும். எது காரணம் என்று அறிய ஒரு வழி உண்டு: காலையில் ஆண் பூவைப் பறித்துச் சில பெண் பூக்களில் கையாலேயே தடவிவிட்டு அடையாளம் கட்டுவது. கட்டியவை பிடித்து மற்றவை கொட்டினால் மகரந்தம் போதவில்லை என்று அர்த்தம். அந்த நிலைக்கு ‘சேர்க்கைக் குறை’ என்று தனிப்பெயர் வேண்டும். அப்போதுதான் பூச்சிமருந்தைக் காலையில் அடிக்காதே, பூ சுருங்கிய பிறகு மாலையில் அடி என்று சொல்வதற்கும் காரணம் விளங்கும்.

ஆக, பட்டியலுக்கு என் முன்மொழிவு: உயிரிகள் குறைவதற்கு ‘மகரந்தக்காவி அருகல்’, பயிரில் தெரிவதற்கு ‘சேர்க்கைக் குறை’. அருகிவரும் இனங்கள் என்று ஏற்கெனவே எழுதுகிறோம், எனவே ‘அருகல்’ புதிதாகத் தெரியாது.