90 செ.மீ. குக்கிங் ரேஞ்ச்: கொடுக்கிற காசுக்குப் பெறுமா?

தேவகோட்டையான்:
செட்டிநாட்டுப் பழைய வீட்டு அடுப்படியைப் புதுப்பிக்கிறோம். மூணு பர்னர் அடுப்பை எடுத்துட்டு 90 செ.மீ. ரேஞ்ச் வைக்க எண்ணம். மேலே ஐந்து பர்னர், கீழே ஓவன். தினம் நாலு பேர் சமையல், விசேஷம்னா 20 பேர், தீபாவளிக்குப் பலகாரம். 14.2 கிலோ சிலிண்டர் ரெண்டு இருக்கு. இத்தாலி மாடல் ஒண்ணு, அதில் பாதி விலையில் உள்நாட்டு மாடல் ஒண்ணு பார்த்தோம். கடைக்காரர் ஸ்டீல் பளபளப்பையே காட்டறார். விலை வித்தியாசத்துக்கு என்னதான் கிடைக்குது?

அடுப்புக்காரன்:
பர்னர் மூடியைக் கையில் தூக்கிப் பாருங்க. கனமான பித்தளை வார்ப்பு கோணாது. மெல்லிசு மூடி சூட்டில் வளைஞ்சா ஒரு பக்கம் மட்டும் தீ தூக்கி எரியும். பான் சப்போர்ட், அதாவது பாத்திரம் உக்கார்ற கம்பிச் சட்டம், வார்ப்பிரும்பா இருக்கணும்.

அடுத்து, எல்லா பர்னருக்கும் தெர்மோகப்பிள் உண்டான்னு கேளுங்க. தீ அணைஞ்சா கேஸை நிறுத்தற ஊசி அது. வளவுக் (முற்றத்து) கதவைத் திறந்தா காத்து அள்ளிக்கிட்டு வரும் நம்ம வீடுகளில் இது இல்லாம வாங்கவே கூடாது. எல்பிஜி, அதாவது சிலிண்டர் கேஸ், காத்தைவிடக் கனம், தரையோட தேங்கும். பத்தவச்சதும் நாபைச் சில வினாடி அழுத்திப் பிடிக்கணும். அப்படியும் கையை எடுத்ததும் அணைஞ்சா, முனையில் கரி படிஞ்சிருக்கும், இல்லைன்னா ஊசி தீயைத் தொடாம விலகியிருக்கும். துடைச்சு நேராக்கினா பெரும்பாலும் சரியாயிடும்.

வெளிநாட்டு மாடலில் ஜெட்தான் (பர்னருக்குள்ள கேஸைப் பீய்ச்சற துளைத் திருகு) முதல் கேள்வி. குழாய் கேஸ் ஜெட்டோட வந்திருக்கலாம். ஜெட் தலையில் எண் பொறிச்சிருக்கும்; 85ன்னா துளை 0.85 மி.மீ. 3 கிலோவாட் பர்னருக்கு எல்பிஜி ஜெட் அந்த அளவுதான் வரும். 115, 120ன்னு இருந்தா அது குழாய் கேஸுக்கு. மாத்தாம எரிச்சா தீ மஞ்சளா நீண்டு பாத்திரத்து அடியெல்லாம் கரி. ஜெட் மாத்தினா மட்டும் போதாது, நாபுக்குக் கீழ இருக்கற பைபாஸ் திருகையும் (சிம் தீயோட அளவை வைக்கறது) இறுக்கணும். பல மெக்கானிக் விடற இடம் இது. விட்டா சிம்மிலேயே தீ பெருசா நிக்கும், மண்டிக் குழம்பு அடிபிடிக்கும்.

ஒயர்மேன்:
ஓவன் கரண்டா கேஸான்னு சொல்லலையே? 4 கிலோவாட் பர்னர் முழுத்தீயில் மணிக்குச் சுமார் 310 கிராம் கேஸ் இழுக்கும். ஐந்தும் சேர்ந்து 11, 12 கிலோவாட்னா 900 கிராம் பக்கம். அதோட கேஸ் ஓவனும் சேர்ந்தா சிலிண்டர் குளிர்ந்து வேர்க்கும், அழுத்தம் இறங்கும், தீ சுருங்கும். அதனால கரண்ட் ஓவனே நல்லது. தீ போதலைன்னு ஹை பிரஷர் ரெகுலேட்டர் மட்டும் மாட்டிடாதீங்க, வீட்டு அடுப்பு 30 மில்லிபார் அழுத்தத்துக்குச் செஞ்சது.

3 கிலோவாட் ஓவன் 13 ஆம்பியர் எடுக்கும். முகப்பிலிருந்து கடைசிக் கட்டு வரைக்கும் ஒயர் நீளம். 4 சதுர மி.மீ. காப்பர், 20 ஆம்பியர் எம்சிபி (லோடு மிஞ்சினா தானா விழற சுவிட்ச்), தனி லைன். சாயங்காலம் வோல்டேஜ் 190க்கு இறங்கினா அதே ஓவன் 2 கிலோவாட்தான் தரும். கேக் உப்பலைன்னா மாவைத் திட்டாதீங்க.

பலகாரத் தட்டு:
டேப்பும், உங்க பெரிய சட்டி வாய் அளவுக்கு வெட்டின ரெண்டு அட்டையும் எடுத்துட்டுக் கடைக்குப் போங்க. சட்டி வாய் 32 செ.மீ.ன்னா பர்னர் மையங்களுக்கு நடுவே அதைவிடக் கூட இருக்கணும். ஐந்து பர்னர் இருந்தும் ரெண்டு சட்டிக்கு மேல் வைக்க முடியாத ரேஞ்ச் நிறைய. இருப்புச் சட்டி உருண்டை அடிங்கறதால நடு பர்னருக்குத் தனி வளையம் வேணும். எண்ணெய்ச் சட்டி ஆடக்கூடாது.

ஈயச்சட்டியை நடு பர்னர் பக்கமே கொண்டுபோகாதீங்க. அது வெள்ளீயம், 232 டிகிரியில் உருகும், காலியா வச்சா நொடியில் போச்சு. ரசத்தை ஊத்தின பிறகு சின்ன பர்னர்.

சிம்னி பர்னரிலிருந்து 65 முதல் 75 செ.மீ. உயரம். குழாய் 6 அங்குலம், வளைவு குறைவா, சுவரைத் துளைச்சு நேரா வெளியே விடுங்க. 4 அங்குலத்துக்குச் சுருக்கினா சத்தம்தான் மிச்சம்.

தேவகோட்டையான்:
ஓவன் மாசம் ஒரு தடவை போட்டாலே அதிகம். அப்ப?

அடுப்புக்காரன்:
அப்ப ரேஞ்ச் வேண்டாம். 90 செ.மீ. ஹாப் (மேடையில் பதிக்கற அடுப்பு), கண் மட்டத்தில் தனி ஓவன். ஒண்ணு ரிப்பேர் ஆனா இன்னொண்ணு ஓடும். மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ ஆள் வரும் வரைக்கும் சமையல் நிக்காது. ரேஞ்சேதான் வேணும்னா பாதி விலை மாடலில் பித்தளை பர்னரும் தெர்மோகப்பிளும் இருக்கான்னு பாருங்க. இருந்தா அதுவே போதும். இறக்கும்போது ஆத்தங்குடித் தரைக்கல்மேல இழுக்க விடாதீங்க, பலகை போட்டுத் தூக்கி வைக்கச் சொல்லுங்க.