துவைக்கும் நேரத்தை மாற்றினால் மின்கலம் வேண்டாமா?

கேள்வி:
சூரிய, காற்றாலை மின்சாரம் பெருகிய மின் கட்டமைப்பில், வீடுகள் தங்கள் பயன்பாட்டை நண்பகலுக்கு நகர்த்தினாலே போதும், பேட்டரிகள் தேவைப்படாது என்று சிலர் வாதிடுகிறார்கள். நானும் துணி துவைப்பதை மாலையிலிருந்து பகலுக்கு மாற்றிப் பார்த்தேன். ஒரு முறை துவைக்க மீட்டரில் ஒரு யூனிட்கூட ஓடவில்லை. இவ்வளவு சிறிய மாற்றத்தால் கட்டமைப்புக்கு என்ன பயன்?

பதில் 1:
வாஷிங் மெஷினை விடுங்கள், வாட்டர் ஹீட்டரைப் பாருங்கள். 100 லிட்டர் நீரின் வெப்பநிலையை 40 டிகிரி செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 4.7 யூனிட் வேண்டும். நல்ல வெப்பக்காப்பு உள்ள தொட்டியில் அந்தச் சூடு பெரிதும் குறையாமல் இரவு வரை நிற்கும் என்பதால், நண்பகலில் சூடேறிய நீரில் இரவில் குளிப்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. பிரான்சில் பல பத்தாண்டுகளாகவே மலிவு நேரமான இரவில் ஹீட்டர்களைத் தானாக இயங்க வைக்கிறார்கள். இப்போது அந்த மலிவு நேரம் நண்பகலுக்கு வருகிறது, அவ்வளவுதான். மிச்சம் பிடிப்பதாக எண்ணித் தொட்டியின் சூட்டை மட்டும் 60 டிகிரிக்குக் கீழே இறக்கிவிடாதீர்கள். வெதுவெதுப்பான நீரில் லெஜியோனெல்லா பாக்டீரியா வளரும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி, ஆனால் பாதிதான். எல்லா வீட்டு டைமர்களும் சரியாக 12 மணிக்கு இயங்கத் தொடங்கினால், தெருவிலுள்ள மின்மாற்றிக்கு அதுவே புதிய உச்ச நேரமாகிவிடும்; தொடக்க நேரத்தை வீட்டுக்கு வீடு சற்று மாற்றி வைக்க வேண்டும். மேலும் மாலைச் சமையலையும் விளக்கையும் யாராலும் நண்பகலுக்குத் தள்ள முடியாது. சூரியன் மறையும் வேளையில் மற்ற மின் நிலையங்களின் மீது விழும் சுமை செங்குத்தாக ஏறுவதைக் காட்டும், வாத்து வடிவ வரைபடத்தைத்தான் கலிஃபோர்னியாவில் ‘வாத்து வளைவு’ என்று பெயரிட்டு அழைக்கிறார்கள். அந்த ஏற்றத்தைத் தாங்கப் பேட்டரி வேண்டும். 10 யூனிட் ஏற்றினால் சுமார் 9 யூனிட்தான் திரும்பக் கிடைக்கும் என்பதால், நகர்த்த முடிந்ததை முதலில் நகர்த்திவிட்டு, எஞ்சியதற்கு மட்டும் பேட்டரி வாங்குவதே என் கணக்கு.

கேள்வி கேட்டவர்:
நன்றி. காற்றும் வெயிலும் நாட்கணக்கில் குறைந்தால்?

பதில் 2:
அதற்கு வீட்டுப் பேட்டரியும் டைமரும் போதா. வேல்ஸில் 1984-இல் திறக்கப்பட்ட டினோர்விக் நீரேற்று மின் நிலையம்கூட (மேலே ஏற்றிச் சேமித்த நீரை இறக்கி மின்சாரம் எடுப்பது), முழுத் திறனில் ஓடினால் ஒரு நாள் தாங்காது. தொலைதூர மின்தடங்களும், தேவைப்படும்போது இயக்கக்கூடிய நிலையங்களும் அங்கேதான் வேண்டியிருக்கின்றன.